யோகத்தின்ரை ஆறு போத்தில்

வைகாசி 4, சனி

இங்க சுவிசிலை தமிழ்க்கடைக்காரன் வருசப்பிறப்புக்குத் தந்த டயறி இது. யோகம் இருந்திருந்தால் டொக்டரிட்டைப் போற நாள், ஆற்றை கலியாணம் எண்டைக்கு எண்டு எழுதி நிரப்பியிருப்பாள். மனுசி போய் இண்டையோட ஆறு மாசம். வெறுந்தாளாக் கிடக்கிறதைப் பாக்க விசராக் கிடக்கு. அதுதான் நான் எழுதிறன்.

காலமை மதாம் ரொஷா வந்தவ. லொசான் போற வழியிலை, ஏரிக்கு மேல, மலைச்சரிவிலை கல் மதில் கட்டிக் கட்டி வைச்சிருக்கிற திராட்சைத் தோட்டம் அவவின்ரைதான். யோகம் ஒவ்வொரு புரட்டாதியும் பத்து நாள் லீவு போட்டு அங்க பழம் ஆயப் போறவள். "இடுப்பு முறிஞ்சு வந்து படுக்கப் போறாய்" எண்டு நான் ஒவ்வொரு வருசமும் ஏசிறனான். ஒரு வருசமும் கேட்டதில்லை.

மதாமுக்கு அறுபத்தெட்டு வயசு. ஆறு போத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூண்டு மாடியும் ஏறி வந்திட்டா. "இது யோகாவின்ரை பங்கு" எண்டா. போன புரட்டாதியிலை அவள் ஆய்ஞ்ச பழம். சித்திரையிலைதான் போத்திலிலை அடைச்சவையாம். அவள் தொட்டுப் பாக்காத போத்தில்.

ஷாஸ்லா எண்ட வெள்ளை வைன். "வைச்சிருக்காதை, இதுக்குப் புதுசிலைதான் உயிர். ரெண்டு வருசம் தாங்கும், அதுக்குப் பிறகு செத்திடும்" எண்டா. செத்திடும் எண்டு சொல்லிப்போட்டு வாயைப் பொத்தினா. பாவம்.

பிறகு சொன்னா, ஆனி பதினைஞ்சு சனிக்கிழமை நிலவறையிலை புது வைன் திறக்கினமாம். எந்த மதிலிலை ஆர் ஆய்ஞ்சினமோ அவை அந்த மதில் வைனைக் குடிக்கிறதாம். யோகம் ஆய்ஞ்சது மேல் மதிலிலையாம், அவளுக்குப் பதிலா நான் வரோணுமாம். "மேல் மதிலிலை வேற ஆர்?" எண்டு கேட்டன். "இன்னும் ரெண்டு பேர்" எண்டு சொல்லிப்போட்டு யன்னலாலை ஏரியைப் பாத்தா.

பாப்பம் எண்டன்.

வைகாசி 5

வேலை. ஹோட்டலிலை பெரிய விருந்து ஒண்டு. நானூறு கிளாஸ் கழுவியிருப்பன்.

வைகாசி 9

ஒரு போத்திலைத் திறந்தன். சில்வர் டம்ளரிலை விட்டுக் குடிச்சன். புளிச்ச தண்ணி. கண்டறியாத குடி. இதுக்கோ மனுசி இடுப்பு முறிஞ்சவள்? மிச்சத்தை சிங்கிலை ஊத்தினன்.

வைகாசி 12, ஞாயிறு

யோகத்தின்ரை உடுப்பு அலுமாரியை ஒதுக்குவம் எண்டு வெளிக்கிட்டன். ரெண்டு தட்டுக்கு மேல முடியேல்லை. அடியிலை அவள் பிரெஞ்சு வகுப்புக்குக் கொண்டுபோன கொப்பி கிடந்தது. பின்பக்கத்திலை வருசம் வருசமா எழுதி வைச்சிருக்கிறாள், எங்கட எழுத்திலை:

"2018. தேசிப்பூ. பச்சை ஆப்பிள். நனைஞ்ச சிலேற். கடைசியிலை ஒரு துளி உப்பு, பிறகு மெல்லிய கசப்பு."

"2019. போன முறை மாதிரி இல்லை. பழம் கூட. கல் குறைவு. மதாமுக்கும் அப்பிடித்தானாம்."

"2020. நல்லது. ரூ. சொல்லுறான், தீக்குச்சி உரசின மணமாம். ஓம், இருக்கு."

வாசிச்சுப்போட்டுக் கட்டிலிலை இருந்திட்டன். முப்பத்துமூண்டு வருசம் ஒண்டாச் சாப்பிட்டம். கறிக்கு உப்புப் போதுமோ எண்டு கேட்டால் போதும் எண்டு சொல்லுவன். அவளின்ரை நாக்கு இவ்வளவு நுணுக்கம் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே.

ரூ. ஆர் எண்டு தெரியேல்லை.

வைகாசி 13

தெரியும். நிமலரூபன். என்ரை மகள் நிரோஜா கட்டினவன்.

ஏழு வருசமாச்சு நான் அவளோட கதைச்சு. யோகத்தின்ரை செத்தவீட்டுக்கு வந்து ஒரு மூலையிலை நிண்டவள். நான் காணேல்லை. கண்டனான், காணாத மாதிரி இருந்தனான். அவன் உள்ளுக்கு வரேல்லை, கார் விடுற இடத்திலை குடையோட நிண்டவனாம்.

எல்லாரும் நினைக்கினம் நான் சாதி பாத்து மகளை விட்டனான் எண்டு. அப்பிடி இல்லை. பெட்டை கேக்காமல் முடிவெடுத்தது பிழை. அவ்வளவுதான். பிறகு உந்த கப் கதை.

அவன் முதல் முதலா எங்கட வீட்டை வந்த நாள். தேத்தண்ணி குடுத்தம். மற்ற ஆக்களுக்குத் தங்கக்கரை போட்ட கப், அவனுக்குப் பேப்பர் கப். அதையே சாட்டாப் பிடிச்சுக்கொண்டு நிரோஜா எழும்பி அவனோட போனவள். அலுமாரியிலை இருந்த கப் கழுவேல்லை, தூசி. வந்த பிள்ளைக்குத் தூசிக் கப்பிலையோ குடுக்கிறது? பேப்பர் கப் சுத்தம்தானே.

வைகாசி 19, ஞாயிறு

திரும்ப ஒரு போத்தில் திறந்தன், முறையா. மூண்டு மணித்தியாலம் பிரிட்ஜிலை வைச்சன். நல்ல கிளாஸ் ஒண்டு எடுத்து, ஆவி காட்டித் துணியாலை துடைச்சன். முப்பது வருசமாச் செய்யிற வேலை, என்ரை கிளாசிலை ஒரு விரலடையாளம் காணேலாது. ஆனால் துடைச்ச கிளாசிலை நான் குடிச்சது இதுதான் முதல் தரம்.

யோகத்தின்ரை கொப்பியைப் பக்கத்திலை விரிச்சு வைச்சன். மணந்து பாத்தன். ஒண்டுமில்லை. ஒரு வாய் எடுத்தன். குளிர். நாக்கிலை சின்னதா ஒரு குத்தல். பச்சை ஆப்பிள் எண்டாள், ஓம், தோலோட கடிச்ச மாதிரி. தேசிப்பூ, எங்கட எலுமிச்சம்பூ மணம், பிடிபடேல்லை. விழுங்கிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன். அப்பதான் வந்தது.

சிலேற். முதலாம் வகுப்பிலை கணக்குப் பிழைச்சால் துப்பல் தொட்டு அழிப்பம், அப்ப எழும்புமே ஒரு மணம், அதே மணம். ஈரக் கல். சத்தியமா அதேதான். அதுக்குப் பிறகு உப்பு, கடைசியிலை ஒரு கசப்பு. எல்லாம் அவள் எழுதின ஒழுங்கிலை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வந்தது.

அழுதன். எழுதிறதுக்கு என்ன வெக்கம். நல்லா அழுதன். பேந்து முழுப் போத்திலையும் குடிச்சு முடிச்சன்.

வைகாசி 25, சனி

மதாம் வீட்டை போனன். ஏரி மங்கிக் கிடந்தது, தூறல். மேல் மதிலைக் காட்டச் சொன்னன். படி ஏறி ஏறி எனக்கு மூச்சு வாங்குது, அவ முன்னாலை போறா. மேல போனால் ஒரு மதில், அதுக்குக் கீழ நாலு வரிசைக் கொடி. அவ்வளவுதான் அந்த இடம். கிழவி நேர சொன்னா: "யோகா, நிரோஜா, ரூபன். அஞ்சு வருசமா இந்த மதில் அவை மூண்டு பேரும்தான். யோகா வெட்டுவா, மகள் வெட்டுவாள், அவன் கூடையை முதுகிலை சுமப்பான்."

அப்ப ஒவ்வொரு புரட்டாதியும் எனக்குத் தெரியாமல் பத்து நாள் மகளோட இருந்திருக்கிறாள். பின்னேரம் வந்து நாரி நோகுது எண்டு படுப்பாள். நான் எண்ணெய் தேச்சு விட்டுக்கொண்டு ஏசுவன். ஒரு சொல் சொல்லேல்லையே பாவி.

இன்னொண்டும் சொன்னா. அந்த நிலவறையிலை எத்தினை பேர் வந்தாலும் ஒரே ஒரு கிளாஸ்தானாம். வீட்டுக்காரி முதல் குடிச்சுப் பிறகு கை மாறும். அவவின்ரை பாட்டன் காலத்து வழக்கம். யோகம் முதல் வருசங்களிலை கிளாசை வாயிலை வைக்கமாட்டாளாம். உள்ளங்கையிலை ரெண்டு துளி விட்டு நக்கிப் பாப்பாளாம், கறிக்கு உப்புப் பாக்கிற மாதிரி. மதாமுக்கு அது நல்லாப் பிடிச்சு, இப்ப அவவும் பீப்பா வைனை அப்பிடித்தான் பாக்கிறாவாம். "பிறகு ரூபன் வந்த வருசம், அவன் குடிச்சுப்போட்டுக் குடுத்தான். யோகா கை நீட்டேல்லை. கிளாசை வாங்கி அவன் குடிச்ச பக்கத்தாலையே குடிச்சா. மகள் அழுதாள். ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை" எண்டா.

எனக்கு விளங்கினது. எங்கட அம்மா வீட்டிலை மூக்குப்பேணி, கெண்டி மாதிரி மூக்கு வைச்ச பித்தளைக் குவளை. மூக்காலை ஊத்தி அண்ணாந்து குடிக்கிறது, வாய் படப்படாது. அது எங்கட ஆக்களுக்கு. வேற சிலருக்குப் பேணியும் இல்லை, வேலிக்கு அங்காலை சிரட்டை.

கப் கதை ஞாபகம் வந்தது. அண்டைக்கு வந்தது ஏழு பேர். கப் ஆறுதான். ஆருக்கோ ஒராளுக்குப் பேப்பர் கப் குடுக்கத்தானே வேணும்.

வைகாசி 30, வியாழன்

நிரோஜா போன் அடிச்சவள். நம்பரைப் பாத்து ஆரோ இன்சூரன்ஸ்காரன் எண்டு எடுத்தன்.

"அப்பா."

"சாப்பிட்டியோ?" எண்டு கேட்டன். காலமை ஒன்பது மணிக்கு.

"மதாம் சொன்னவ, நீங்கள் வருவியளாம் எண்டு."

"பாப்பம்."

"பாப்பம் எண்டு சொல்லாதையுங்கோப்பா. நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. மன்னிப்புக் கேளுங்கோ, காலிலை விழுங்கோ எண்டெல்லாம் கேக்கேல்லை. அங்க ஒரு கிளாஸ்தான். அவர் குடிச்சுப்போட்டுத் தருவார். நீங்கள் அதை வாங்கிக் குடியுங்கோ. அம்மா செய்தவ."

"உதென்ன பெரிய விசயமோ? முப்பது வருசமா உலகத்து எச்சில் கிளாசெல்லாம் கழுவிறவன் நான்."

"கழுவிறது வேறயப்பா."

போனை மற்றக் காதுக்கு மாத்தினன்.

"குடிச்சால் அண்டைக்கே உங்களோட வீட்டை வருவம், ரெண்டு பேரும். அம்மாவின்ரை படத்துக்கு முன்னாலை இருந்து சாப்பிடுவம்" எண்டாள். குரல் யோகத்தின்ரை குரல். வைச்ச பிறகும் போனைக் காதிலையே வைச்சுக்கொண்டு மாடிப்படியிலை நிண்டனாம், பக்கத்து வீட்டுக்காரி கண்டு சுகமோ எண்டு கேட்டவ.

ஆனி 2, ஞாயிறு

வீடு கூட்டிக் கழுவினன். அவளின்ரை பழைய அறைக்குத் திரைச்சீலை மாத்தினன். புட்டுமா, றால், முருங்கைக்காய் எல்லாம் வாங்கோணும். கண்ணாடி அலுமாரியையும் துடைச்சன்.

யோசிச்சுப் பாத்தால் அண்டைக்குத் தேத்தண்ணி ஊத்தினது யோகம்தான். நான் முன்னறையிலை ஆக்களோட இருந்தனான். பேப்பர் கப் அவள் எடுத்த கப்.

ஆனி 8, சனி

வேலையிலை ஒரு காரியம் செய்தன். மேசையிலை இருந்து வந்த கிளாஸ் ஒண்டு, விளிம்பிலை லிப்ஸ்ரிக், அடியிலை கொஞ்சம் வெள்ளை வைன். ஒருத்தரும் பாக்கேல்லை. லிப்ஸ்ரிக் பட்ட பக்கத்தாலையே வாயிலை வைச்சுக் குடிச்சன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை. ஆரெண்டே தெரியாத பொம்பிளை.

அப்ப பிரச்சினை இல்லை. வாற சனிக்கிழமை சரிவரும்.

ஆனி 14

றால் பொரியல், முருங்கைக்காய்க் கறி, சொதி. எல்லாம் அடுக்கி வைச்சாச்சு. காலமை புட்டை அவிச்சால் சரி. வெள்ளைச் சேட் அயன் பண்ணினன்.

ஆனி 15, சனி

பேந்து எழுதிறன்.

ஆனி 16, ஞாயிறு

எழுதத்தான் வேணும்.

நிலவறை குளிர். கல் சுவர், நடுவிலை ஒரு பீப்பா, அதிலை ஒரு மெழுகுதிரி. மதாம், நிரோஜா, அவன், நான். நிரோஜா யோகத்தின்ரை சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். நான் தேடித் திரிஞ்ச சட்டை. தலைமயிரைக் கட்டையா வெட்டியிருக்கிறாள். அவனுக்குத் தாடியிலை நரை விழுந்திட்டுது. "வாங்கோ மாமா" எண்டான். நான் தலையாட்டினன்.

மதாம் போத்திலைத் திறந்தா. சின்னக் கிளாஸ், நாலு மடக்குப் பிடிக்கும். யோகத்தின்ரை பேரைச் சொல்லிப்போட்டு முதல் குடிச்சா. திரும்ப நிரப்பி நிரோஜாவுக்குக் குடுத்தா. அவள் கண்ணை மூடிக்கொண்டு குடிச்சாள். பிறகு அவன். அவசரப்படேல்லை. மணந்து, வாயிலை வைச்சு, கொஞ்ச நேரம் நிண்டான்.

"மாமி சொல்லுற சிலேற் இருக்கு" எண்டான். "இந்த முறை உப்பு கொஞ்சம் கூட."

சரியாச் சொன்னான். நான் வீட்டிலை குடிக்கேக்கையும் அப்பிடித்தான் பட்டது. உப்புக் கூட எண்டு சொல்ல ஒராளில்லாமல் இருந்தன். ஓம் தம்பி எண்டு சொல்ல வாய் வந்தது. சொல்லியிருக்கலாம்.

மதாம் கிளாசை நிரப்பினா. அவன் ரெண்டு கையாலையும் என்னட்டைத் தந்தான். வாங்கினன். மணந்து பாத்தன், அண்டைக்குப் பிடிபடாத தேசிப்பூ அப்ப வந்தது. யோகம், கிடைச்சிட்டுது எண்டு மனதுக்குள்ளை சொன்னன். குடிக்கத்தான் தூக்கினன். சத்தியமாக் குடிக்கத்தான்.

கை தன்ரை பாட்டுக்கு மேல போச்சு. தலை பின்னாலை சாஞ்சுது. வாய்க்கு நாலு விரல் உயரத்திலை கிளாசைச் சரிச்சிட்டன்.

வைன் கிளாசுக்கு மூக்கு இல்லை. கொஞ்சம் வாய்க்குள்ளை, மிச்சம் தாடை, கழுத்து, வெள்ளைச் சேட் எல்லாம். புரையேறிப் போச்சு. மதாம் முதுகிலை தட்டித் தட்டிச் சிரிக்கிறா. "உங்கட ஆக்களிட்டை எத்தினை விதம் இருக்கு!" எண்டு சிரிக்கிறா. அவவுக்கு விளங்கேல்லை. அந்த இடத்திலை மற்ற மூண்டு பேருக்கும் விளங்கினது.

நிரோஜா என்னைப் பாத்தாள். கோவம் இல்லை. கோவமெண்டால் தாங்கியிருப்பன். அவன் என்னைப் பாக்கேல்லை, சுவரைப் பாத்தான். பொக்கற்றிலை இருந்து லேஞ்சி எடுத்து நீட்டினான்.

"துடையுங்கோ மாமா."

மதாம் திரும்ப நிரப்பப் போனா. "வேண்டாம் மதாம், எங்களுக்கு வேலை கிடக்கு" எண்டாள் நிரோஜா. சனிக்கிழமை பின்னேரம் என்ன வேலை? படியிலை அவளின்ரை காலடி கேட்டது, பிறகு அவன்ரை. நான் அவன்ரை லேஞ்சியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

வீட்டை வந்து புட்டைப் பாத்தன். மூடி வைச்சன்.

ஆனி 17

பழக்கதோசம். வேற ஒண்டுமில்லை. சின்னனிலை பழகினது கையை விட்டுப் போகாது.

ஆனி 18

ஆனால் லிப்ஸ்ரிக் கிளாசுக்குக் கை மேல போகேல்லையே.

ஆனி 20

நிரோஜா போன் அடிக்கேல்லை. நான் எடுத்தன், மணி அடிச்சு அடிச்சு நிண்டுது. றாலைக் குப்பையிலை கொட்டினன். அவன்ரை லேஞ்சியைத் தோய்ச்சு அயன் பண்ணி வைச்சிருக்கிறன்.

ஆனி 23, ஞாயிறு

மழை. வேலை இல்லை. கண்ணாடி அலுமாரிக்கு முன்னாலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தன்.

கப் கழுவேல்லை எண்டு எழுதினன். பொய். யோகம் முதல் நாளே கழுவித் துடைச்சு அடுக்கினவள். கப் ஆறு எண்டு எழுதினன். பொய். யோகம் எடுத்துக் குடுத்தவள் எண்டும் எழுதினன். செத்தவளிலை பழியைப் போட்டன், நாய்ப் பிறவி நான். அவள் அவனுக்குத் தங்கக்கரைக் கப்பிலைதான் ஊத்திக்கொண்டு வந்தவள். நான் குசினி வாசலிலை மறிச்சு, அதை வாங்கிப் பேப்பர் கப்பிலை மாத்தி ஊத்தினனான். அவள் என்னைப் பாத்தவள். நிலவறையிலை நிரோஜா பாத்தாளே, அந்தப் பார்வைதான்.

மதாமிட்டை அவன்ரை நம்பர் வாங்கினன். மகளுக்கு எழுதினால் அவள் வாசிக்கமாட்டாள். அதோட, இது அவனுக்குச் சொல்லவேண்டிய கதை. எழுதி எழுதி அழிச்சன். கடைசியிலை இவ்வளவுதான் அனுப்பினன்:

"தம்பி, அண்டைக்கு அலுமாரியிலை கழுவின கப் எட்டு இருந்தது. பேப்பர் கப்பிலை மாத்தினது நான்."

உடனை வாசிச்சதுக்கு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஆனி 24

வேலை. கிளாஸ் ரெண்டு உடைஞ்சுது. முப்பது வருசத்திலை ஒரே நாளிலை ரெண்டு உடைச்சதில்லை.

ஆனி 27, வியாழன்

பதில் வந்தது. ஒரே வரி.

"தெரியும். நான் அலுமாரிக்கு நேர முன்னாலை இருந்தனான், எட்டையும் எண்ணினனான்."

மாமா எண்டு போடேல்லை. ஏழு வருசம் தெரிஞ்சுகொண்டுதான் செத்தவீட்டிலை குடையோட நிண்டிருக்கிறான், நிலவறையிலை வாங்கோ எண்டிருக்கிறான்.

லேஞ்சியை எப்பிடிக் குடுக்கிறது எண்டு கேட்டு எழுதினன். இன்னும் வாசிக்கேல்லை.

பிரிட்ஜிலை நாலு போத்தில் இருக்கு. ரெண்டு வருசம் தாங்கும் எண்டு மதாம் சொன்னவ.